பணம் நொடியில் போகிறது. ஓட்டு மட்டும் ரயிலேற வேண்டுமாம்!

விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன். ரயில்வேயில் சோறு தின்கிற நமக்கு அதில் தனிப் பெருமை உண்டு. கிளம்புமுன் கலத்தின் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் முன்னால் வைத்து எடுத்து வந்தார்கள். இறங்கிய இடத்துக்குப் பிரதமர் "சிவசக்தி" என்று பெயர் வைத்தார். ஆக, அரியும் திருப்தி, அரனும் திருப்தி. விஞ்ஞானமும் பக்தியும் கைகோத்துக்கொண்டு மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டன.

நாம் கேட்பது அவ்வளவு தூரமில்லை. மும்பையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நம் ஓட்டு போய்ச் சேர வேண்டும். அதற்கு மட்டும் இந்த நாட்டில் இன்னும் வழி பிறக்கவில்லை!

நம் அப்பன்மார் காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்ப மணியார்டர். தபாலாபீஸ் வாசலில் ஃபாரம் எழுதித் தருகிறவருக்குக் காசு, பணம் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரருக்கு டீச்செலவு. இன்று? 2016இல் வந்த யு.பி.ஐ.யில், கட்டடத்தில் கம்பி கட்டுகிற தம்பி மத்தியானச் சோற்று வேளையில் போனைத் தட்டினால் சங்கரன்கோவிலில் இருக்கிற அம்மா கணக்கில் பணம் விழுகிறது. ரேஷன் அட்டை எந்த மாநிலத்தில் இருந்தாலும் எந்த மாநிலத்திலும் அரிசி வாங்கலாம் என்று திட்டம் வந்து, 2022க்குள் எல்லா மாநிலமும் சேர்ந்துவிட்டது. திருப்பதியில் முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்கலாம். 2025 ஜூலை 1 முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். கம்ப்யூட்டருக்கு நம்மைத் தெரிகிறது. நம் கட்டைவிரலைத் தெரிகிறது. கடன்காரனுக்குத் தெரிகிறது, கடவுளுக்கும் தெரிகிறது. தேர்தல் நாளில் மட்டும், "நீ யாரப்பா? ஊரில் வந்து கியூவில் நில்" என்கிறார்கள்.

கவுண்டருக்கு உள்ளேயிருந்து ஒரு கணக்கு

சரி, ஊருக்குப் போய்த்தான் போடுவோம் என்றால் முடிகிறதா? டிக்கெட் கொடுக்கிற நாமே கணக்கைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2024 மக்களவைத் தேர்தலை அறிவித்த நாள் மார்ச் 16. தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. இடையில் 34 நாள். அன்றைக்கு ரயிலில் முன்பதிவு 120 நாளுக்கு முன்னாலேயே திறந்துவிடும். அதாவது தேர்தல் கமிஷனர் வாய் திறப்பதற்கு 86 நாளுக்கு முன்பே ஏப்ரல் 19க்கான பதிவு தொடங்கிவிட்டது. சித்திரைப் பிறப்பு, பரீட்சை விடுமுறை, ஊர்க்கொடை என்று திட்டம் போட்டவர்கள் படுக்கைகளை எடுத்துவிட்ட பிறகுதான் ஜனநாயகம் கவுண்டருக்கு வந்து நின்றது. அதற்குக் கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட்! 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவை 60 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். அப்படியும் கணக்கு நேராகவில்லை.

ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி சொல்கிறது. தராத முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? ஐந்நூறு ரூபாய் வரை. அதையும் பெரிய மனது பண்ணிக் கொடுத்தால் ஒரே ஒரு நாள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போக இரண்டு இரவு, திரும்பி வருகிற பயணம் தனி. ஒரு நாள் லீவில் நாம் எந்த ஸ்டேஷனில் இறங்கி ஓட்டுப் போடுவது? குண்டக்கல்லிலா?

புருஷன், பெண்சாதி, கைப்பிள்ளை என்று ஒரு குடும்பம் போய் வந்தால் ஒரு வாரக் கூலி போயிற்று, டிக்கெட் செலவு தனி. இந்தச் செலவைத் தாங்க முடியாதவனைப் பார்த்து, "ஓட்டுப் போடாதவனுக்கு அரசாங்கத்தைக் குறைசொல்ல உரிமை இல்லை" என்று டி.வி.யில் உபதேசம் செய்கிறார் ஒரு நடிகர். அவர் வீட்டுக்கும் பூத்துக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கும்.

காசிக்கு வண்டி உண்டு

2022 நவம்பர் 17 முதல் டிசம்பர் 16 வரை காசி தமிழ்ச் சங்கமம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்க் கங்கையைக் காட்டி, விசுவநாதரைக் காட்டி, சோறு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிறகும் தொடர்ந்து நடத்துகிறார்கள். நடக்கட்டும். காசிக்கும் தமிழனுக்கும் இருக்கிற உறவு பழையது. ஆனால் காசிக்குப் போகிற தமிழனுக்குப் பெட்டி ஒதுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஓட்டுப் போடப் போகிற தமிழனுக்குப் பெட்டி ஒதுக்கத் தெரியாதா?

அந்தச் சங்கமம் முடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள், 2022 டிசம்பர் 29 அன்று, தேர்தல் ஆணையம் ஒரு செய்தி வெளியிட்டது. வெளியூரில் இருக்கிறவன் இருக்கிற இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு இயந்திரம் தயார். ஒரே பூத்தில் 72 தொகுதி வரை கையாளும் என்றது. 2019 தேர்தலில் சுமார் 30 கோடிப் பேர் ஓட்டுப் போடவில்லை, இடம்பெயர்வு அதற்கு முக்கியக் காரணம் என்றும் ஒப்புக்கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேல். 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளை எல்லாம் கூப்பிட்டு இயந்திரத்தைக் காட்ட ஏற்பாடு செய்தார்கள்.

என்ன நடந்தது? எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. வெளியூர்க்காரன் என்றால் யார், அதற்கு இலக்கணம் என்ன? தமிழ்நாட்டு ஓட்டு மும்பையில் விழும்போது பூத்தில் ஏஜெண்டாக யார் உட்காருவது? தேர்தல் நடக்காத மாநிலத்தில் நடத்தை விதி எப்படிச் செல்லும்? கேள்விகள் நியாயமானவை. இயந்திரத்தைச் சந்தேகப்படுவது தொழிலாளிக்குப் புதிதும் அல்ல. ரயில்வேயில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தபோது நம் சீனியர்கள் பட்ட பயத்தை இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆனால் கேள்வி கேட்டவர்கள் அதோடு எழுந்து போய்விட்டார்கள். இயந்திரம் வேண்டாம், சரி. தபால் ஓட்டு கொடு என்று எந்தக் கட்சியாவது போராடியதா? காகிதச் சீட்டாவது கொடு என்றதா? ஆளுங்கட்சிதான் அதற்காக ஒரு நாள் பாராளுமன்றத்தில் மேசையைத் தட்டியதா? இயந்திரத்தைக் கட்டித் துணி போட்டு மூடினார்கள். 2024 தேர்தல் அது இல்லாமலேயே நடந்து முடிந்தது. நமக்காக அழுத கண் ஒன்றையும் நாம் பார்க்கவில்லை.

முடியாத காரியம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். எல்லையில் நிற்கிற ராணுவ வீரனுக்குத் தபால் ஓட்டு இருக்கிறது, வேண்டியதுதான். 85 வயது தாண்டியவர்களுக்கு 2024இல் வீட்டுக்கே பெட்டியோடு போனார்கள், புண்ணியம். பள்ளத்தாக்கைவிட்டு வந்த காஷ்மீர் மக்கள் ஜம்முவிலும் டில்லியிலும் தனி பூத்தில் சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிற ஏற்பாடு 1990களிலிருந்தே இருக்கிறது. அதுவும் நியாயம். துப்பாக்கிக்குப் பயந்து ஊரைவிட்டவனுக்கு வழி இருக்கிறதென்றால், பசிக்குப் பயந்து ஊரைவிட்டவனுக்கு ஏன் இல்லை?

"இடம்பெயர்ந்தார்" என்று ஒரு கோடு

இதுவரை ஓட்டுப் போட முடியவில்லை என்றோம். இப்போது பெயரே இல்லாமல் போகிற காலம் வந்துவிட்டது.

2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியலைச் சிறப்புத் தீவிரத் திருத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர் இல்லை. அதில் இறந்தவர்கள் 22 லட்சம். நிரந்தரமாக இடம் மாறியவர், ஆளைக் காணோம் என்ற வகையில் 36 லட்சம். அடுத்து தமிழ்நாடு. 2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 6.41 கோடி, 5.43 கோடியாக இறங்கியது. விடுபட்ட 97 லட்சத்தில் 66 லட்சம் பேர் இடம் மாறியவர், இருப்பிடத்தில் இல்லாதவர். அத்தனை பேரும் வெளிமாநிலம் போனவர்கள் அல்ல. பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனவர்களும் உண்டு. ஆனால் நம் ஆட்கள் எந்தக் கட்டத்தில் விழுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அதிகாரி கதவைத் தட்டினார், பூட்டியிருந்தது, கோடு போட்டார். கதவு பூட்டியிருந்தது எதனால்? அங்கே வேலை இல்லாததனால்!

செத்தவன் பெயரை நீக்க வேண்டும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். இதில் தகராறு இல்லை. நாம் கேட்பது வேறு. அங்கே "இடம் மாறினார்" என்று எழுதுகிற அதே கை, மாறிப் போன இடத்தில் "வந்து சேர்ந்தார்" என்று எழுத வேண்டாமா? ரயில்வே பார்சலுக்குக்கூட அனுப்பிய ஸ்டேஷனில் ஒரு பதிவு, சேர்ந்த ஸ்டேஷனில் ஒரு பதிவு உண்டு. மனுஷன் ஒரு பார்சலுக்குச் சமானமில்லையா?

திருப்பூரில் இருப்பவனும் நம்மாள்தான்

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைப் பேசியாக வேண்டும். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

2025 ஆகஸ்டில் ப. சிதம்பரம், பீகார்த் தொழிலாளிகள் 6.5 லட்சம் பேரைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறார்கள் என்று அபாயமணி அடித்தார். தேர்தல் ஆணையம் அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தது. எண்ணிக்கைச் சண்டை கிடக்கட்டும். "வடக்கன் ஓட்டுப் போட்டால் தமிழ்நாட்டு அரசியலே மாறிவிடும்" என்று அதற்குப் பிறகு ஊரில் எழுந்த கூச்சலைத்தான் சொல்கிறோம்.

தோழர்களே, இந்தப் பாட்டை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? 1966இல் சிவசேனை பிறந்தபோது, மதராஸிக்கு இங்கே என்ன வேலை என்று இதே மும்பையில் பாடிய பாட்டு அது. லுங்கி கட்டியவனைத் தெருவில் துரத்தினார்கள், உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்தது. அன்று அடிபட்டவர்களின் பிள்ளைகள் நாம். தாராவியில் நமக்கு ஒரு நியாயம், திருப்பூரில் பீகாரிக்கு வேறு நியாயம் என்றால், நம் வாயில் வருவது நியாயமே அல்ல. இந்தியாவில் எங்கும் போய் வாழலாம் என்ற அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் "தமிழனுக்கு மட்டும்" என்று அச்சடிக்கவில்லை. அவனுடைய ஓட்டுக்கு நாம் குரல் கொடுத்தால்தான் நம்முடைய ஓட்டுக்குக் குரல் கொடுக்கிற தகுதி நமக்கு இருக்கும்.

பெயர் எங்கே இருக்க வேண்டும்?

நம் சங்கத்திலேயே பெரியவர்கள் சிலர், "ஓட்டு ஊரில் இருந்தால்தான் ஊரோடு ஒட்டு" என்கிறார்கள். ஊர்ப்பாசம் நல்லதுதான். ஆனால் முப்பது வருஷம் மும்பையில் இருந்துகொண்டு, பிள்ளைகளை இங்கே படிக்க வைத்து, இங்கே தண்ணீருக்குச் சண்டை போட்டு, இங்கே சாக்கடை நாற்றத்தில் தூங்குகிறவர், ஊர்ப் பஞ்சாயத்துத் தெருவிளக்குக்கு ஓட்டுப் போட்டு என்ன கண்டார்?

இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் குடிசை மாற்றுத் திட்டத்தில் உனக்கு வீடு உண்டா இல்லையா என்று பார்க்கும்போது முக்கியமாகக் கேட்கிற காகிதங்களில் ஒன்று வாக்காளர் பட்டியல். 1995 ஜனவரி 1 பட்டியலில் பெயர் உண்டா என்றார்கள். பிறகு 2000 ஜனவரி 1 என்றார்கள். தாராவி மறுசீரமைப்பிலும் அந்த 2000தான் கோடு: முன்னால் வந்தவருக்குத் தாராவிக்குள், பின்னால் வந்தவருக்கு வெளியே. நாற்பது வருஷம் இதே சந்தில் இருந்தும் பெயரை ஊரில் வைத்திருந்தவர், "நான் இங்கேதான் இருந்தேன்" என்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார். ஓட்டு என்பது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வைக்கிற மை மட்டுமல்ல; தலைக்கு மேல் இருக்கிற தகரக் கூரைக்குச் சாட்சி அது.

ஆகவே நம் நிலையைத் தெளிவாகச் சொல்கிறோம்.

குடும்பத்தோடு இங்கே வேர்விட்டவர்கள் பெயரை இங்கே மாற்றுங்கள். அதற்குப் படிவம் 8. முதல்முறை சேர்கிற பிள்ளைகளுக்குப் படிவம் 6. வாடகை வீடு, கையில் காகிதம் இல்லை என்று பயப்பட வேண்டாம். வீடே இல்லாமல் நடைபாதையில் படுக்கிறவனுக்குக்கூட, அதிகாரி இரவில் வந்து அவன் அங்கே தூங்குகிறானா என்று பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. தூங்குகிற இடமே விலாசம்! விதியைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவனுக்கு விதி தானாக வராது. தாய்மார்களுக்கு முக்கியமாகச் சொல்கிறோம்: வீட்டில் ஆண்பிள்ளை பெயரை மட்டும் மாற்றிவிட்டு உங்கள் பெயரை ஊரில் விட்டுவிடாதீர்கள். நாளைக்குக் கூரைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம்.

ஆறு மாதம் ஒரு ஊர், ஆறு மாதம் இன்னொரு ஊர் என்று காண்டிராக்ட்காரன் பின்னால் அலைகிற கட்டடத் தொழிலாளிக்கு இது மருந்தல்ல. அவனுக்குத் தபால் ஓட்டு வேண்டும். அல்லது எல்லாக் கட்சி ஏஜெண்டும் உட்கார்ந்து பார்க்கிற பூத் இங்கேயே வேண்டும். அதுவரைக்கும் தேர்தல் தோறும் தனி ரயிலும், போக வர நாளைச் சேர்த்துச் சம்பளத்தோடு லீவும் வேண்டும். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எந்தக் கொடி நம் சந்துக்குள் வந்தாலும், மாலை போடுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 2023இல் மூடி வைத்த விஷயத்தில் உங்கள் கட்சி என்ன செய்தது?

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை சங்க அறையில் படிவம் எழுதித் தருகிறோம். ஆதார், கரண்ட் பில் அல்லது பாஸ்புக், ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும். பணம் காசு ஒன்றும் வேண்டாம். அப்படி யாராவது கேட்டால் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.