எந்த ஏட்டை நம்புவது?

மலையகக் குடும்பங்களின் பூர்வீகம் தேடுவோர், பதிவுகள் முரண்படும்போது அரச முத்திரை உள்ளதையே நம்புகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அண்மையில் நான் பார்த்த கண்டிப் பகுதிக் குடும்பமொன்றில், தோட்டத்துச் செக்ரோல் பாட்டனாரைத் திருச்சிக்காரர் என்கிறது. பிரஜாவுரிமை விண்ணப்பமோ கலஹாவில் பிறந்தவர் என்கிறது. கணக்கப்பிள்ளைக்கு வேண்டியது கூலிக்கணக்கு. ஊரை மாற்றி எழுதுவதால் அவருக்கு இலாபமில்லை. விண்ணப்பதாரர் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தை, இல்லையேல் பாட்டனும் பூட்டனும், இங்கேயே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மனிதர் வேறென்ன சொல்லியிருப்பார்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. அந்த அச்சத்தையும் சேர்த்தே அந்தத் தாளை வாசிக்க வேண்டும்.

ஆகவே செக்ரோலையே முதலில் நம்புங்கள். (அதில் 'திருச்சி' என்றிருந்தால் அது பழைய ஜில்லா, இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூரிலும் தேட வேண்டும்.)

ஆனால் அந்த ஏடுகள் தோட்டத்து அலுவலகங்களில் கறையானுக்கு இரையாகின்றன. எஞ்சியவற்றையாவது தேசிய சுவடிக்கூடம் இப்போதே பொறுப்பேற்க வேண்டும். கம்பனிகள் விறகென்று எரிக்கும்வரை காத்திருக்கலாகாது.