மீட்டரைப் பார்க்காதீர்கள், அடாப்டரைப் பாருங்கள்!

ஹாலில் உள்ள கம்ப்யூட்டரின் படத்தை மாடியறை டிவிக்குக் கொண்டு போக, பலரும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் வாங்குகிறார்கள். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் என இரண்டு சிறு பெட்டிகள்; நடுவில் கேட்-6 லேன் கேபிள். அட்டையில் "60 மீட்டர்" என்று போட்டிருந்தால் போதும் என நினைக்கிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது மின் இணைப்பைத்தான்.

எச்டிஎம்ஐ போர்ட் 5 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர் தந்தாலே போதும் என்பது விதி. அதை நம்பி எக்ஸ்டெண்டரை ஓட்ட முடியாது, அடாப்டர் தேவை. சில மாடல்களில் ஒரே அடாப்டர்தான். ரிசீவருக்கான மின்சாரம் லேன் கேபிள் வழியாகவே போகும். வசதிதான். ஆனால், செம்பு பூசிய அலுமினியக் கேபிளைப் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்து, படம் விட்டு விட்டு வரும். எனவே முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்குங்கள். தூரம் அதிகம் என்றால், இரு முனைக்கும் தனித்தனி அடாப்டர் உள்ள மாடலே என் சிபாரிசு.

இன்னொன்று. பிளக் ஒன்றுபோல் இருக்கிறதே என்று இந்தக் கேபிளை ரௌட்டரிலோ ஸ்விட்ச்சிலோ செருகாதீர்கள். நெட்வொர்க்கிலும் ஓடும் என்று குறிப்பிட்ட மாடல்கள் தவிர மற்றவை அங்கே வேலை செய்யாது. ரிசீவருக்காகச் செல்லும் மின்சாரம் அந்த போர்ட்டையே பாழாக்கலாம். எல்லா இணைப்பையும் சரிபார்த்த பிறகே அடாப்டரை ஆன் செய்யுங்கள்.