புல்வெளியில் மரம் நடாதீர்கள்

ஜனவரி பிறந்தால் மூணாறு சாலைகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்நுனியில் படிந்த உறைபனியைப் படமெடுக்கத்தான் இத்தனை கூட்டம். 2019 ஜனவரித் தொடக்கத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியபோது தேயிலைக் கொழுந்து கருகியது. தோட்டத்துக்கு நஷ்டம், பயணிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இந்த இடுக்கி மலைகள் இன்று இப்படி இருப்பதற்கே உறைபனி ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியைச் சுற்றி மேட்டிலெல்லாம் புல், பள்ளங்களில் மட்டும் இருண்ட சோலை. இவ்வளவு மழை கொட்டும் மலையில் மேட்டை மட்டும் மரம் ஏன் பிடிக்கவில்லை? மேகமில்லாத குளிர்கால இரவில் திறந்த நிலத்தின் சூடு வேகமாக வெளியேறிவிடுகிறது. அங்கே முளைக்கும் சோலை மரக் கன்றுகள் உறைபனியில் மடிகின்றன. சோலைக்குள்ளோ தழைக்கூரை சூட்டைப் பிடித்து வைக்கிறது. காற்று, தீ, மண்ணின் ஆழம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

வடதுருவத்தை ஒட்டிய தூந்திரத்தோடு இதற்கு ஒரு தூரத்து உறவு சொல்லலாம். அங்கே ஆண்டு மழை பல இடங்களில் 250 மில்லிமீட்டரைத் தாண்டாது, நிலத்தின் அடிப்பகுதி ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். இரவிகுளத்தில் இந்த இரண்டும் கிடையாது. ஆனாலும் இரண்டு இடத்திலும் மரத்துக்கு எல்லை போடுவதில் குளிருக்குப் பங்குண்டு. இரண்டு இடத்து மண்ணும் ஏராளமான கரிமத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வெப்பம் ஏறஏறத் தூந்திரத்தில் புதர்கள் பரவுகின்றன. நம் புல்வெளிக்கு மரத்தைக் கொண்டுவந்தது மனிதக் கை.

காடழித்ததால் உண்டான பொட்டல் என்று இந்தப் புல்வெளியை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் சுகுமாரும் அவரது சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. ஆங்கிலேயரின் கோடரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறும் நிலம் என்ற அந்த எண்ணத்தில்தான் தேயிலை ஆலை விறகுக்கு யூக்கலிப்டஸ் வந்தது, தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை மரம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரங்கள் நம் உறைபனியைத் தாங்கிக்கொண்டன. இடுக்கியின் வட்டவடையை ஒட்டிய பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துபோனதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வு சொல்கிறது. எந்தக் கட்சியும் இதற்காகச் சாலை மறியல் செய்ததாக நினைவில்லை.

செய்திருக்க வேண்டும். கேரளத்தின் நதிகளில் கிழக்கே பாய்பவை மூன்றுதான். அவற்றில் பாம்பாறு இடுக்கியில் பிறந்து மறையூர் வழியாக அமராவதிக்கு வருகிறது. பவானி, நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளிலிருந்து பாலக்காட்டின் அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. மழையை உறிஞ்சி மெல்ல ஓடையில் விடுவது இந்தப் புல்லும் சோலையும் சதுப்பும்தான். உடுமலை, பவானி வட்டார விவசாயிகளின் வாய்க்கால் கணக்கு இந்த மேட்டில்தான் ஆரம்பிக்கிறது.

ஆகவே மரக்கன்று விழாக்களுக்கு இந்த மலைகளில் ஒரு தடை வேண்டும். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காடும் மரமும் இருக்க வேண்டும் என்ற 1988 வனக் கொள்கையின் இலக்கை எட்டப் புல்வெளியைக் காலி இடமாகக் காட்டக் கூடாது. புல்லையே நம்பி வாழும் வரையாட்டைத் தமிழ்நாடு மாநில விலங்காக வைத்திருக்கிறது. அது மேயும் இடத்தைப் பசுமையாக்குகிறேன் என்று மரம் நடுவது என்ன நியாயம்?

அந்நிய மரத்தை வெட்டிப் போட்டால் மட்டும் வேலை முடியாது. சீகை விதை மண்ணில் பல ஆண்டு உறங்கும். தீப் பட்டால் கொத்துக் கொத்தாக முளைக்கும். 2019இல் தீயில் எரிந்த, வட்டவடையின் பழத்தோட்டம் என்ற இடத்தில் கேரள வனத்துறை உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு நாட்டுப் புல்லை நட்டு வருகிறது. முளைக்கும் சீகையைத் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டிய வேலை அது. அதற்கு ஆண்டுதோறும் கூலி ஒதுக்க வேண்டும்.

2006இல் வட்டவடை, கொட்டாக்கம்பூர் கிராமங்களில் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயத்தைச் சுற்றிய பட்டாத் தகராறு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பூண்டும் காய்கறியும் விளைவித்து வாழும் குடும்பங்களைப் பகைத்துக்கொண்டு புல்வெளியைக் காக்க முடியாது. உண்மையான பயிர்க்காரருக்கு உரிமையைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, யூக்கலிப்டஸ் தோப்பாக மாற்றிப்போட்ட நிலத்தை மீட்பதுதான் வழி. 2006, 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி பூக்க வேண்டிய ஆண்டு 2030. அதற்குள் எத்தனை ஹெக்டேர் சீகை அகற்றப்படும் என்று இரண்டு மாநில வனத்துறைகளும் இப்போதே பட்டியல் வெளியிடட்டும்.