மனு எழுதுபவரும் மன்றத்தில் பேசுபவரும்

திங்கட்கிழமை மனுநாளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தின் பக்கம் சென்றோர் அந்தக் காட்சியை அறிவர். மடியில் பலகை, கையில் பேனா, எதிரே வரிசை. பட்டா மாறுதலுக்கு அலையும் ஓமலூர் உழவர் தம் கதையைச் சொல்கிறார். மனு எழுதுபவர் எழுதுகிறார். அடுத்து, கணவனால் கைவிடப்பட்ட ஆத்தூர்ப் பெண்.

இவர்கள் ஏன் வக்கீலிடம் போகவில்லை? சேலத்தில் வக்கீலுக்கா பஞ்சம்! விஜயராகவாச்சாரியாரும் இராசகோபாலாச்சாரியாரும் வாதாடிய ஊரல்லவா இது? பஞ்சம் வழக்குடையவரின் மடியில்தான். மனு எழுத என்ன கூலி என்பது தெரியும்; வழக்கு முடிய என்ன செலவு என்பது யாருக்கும் தெரியாது.

வாதாடும் உரிமை வழக்கறிஞருக்கே என்கிறது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம். அதற்கு முன் முன்சீப் கோர்ட்டுகளில் இரண்டாந்தர பிளீடர்கள் இருந்தனர். படிகளை நீக்கி ஒரே வகுப்பாக்கினர், நல்லதுதான். ஆனால் கீழ்ப்படி போனபோது, அதில் கால் வைத்து ஏறியவன் எங்கே போவான் என்று கேட்டார் உண்டா?

பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளியைப் பாருங்கள். முன்பணம் வாங்கியவன், அது தீரும்வரை தறியை விட்டு நகர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, முன்பணம் போகவில்லை! வேலைநீக்கத் தகராறு தொழிலாளர் நீதிமன்றம் சென்றால் அவனுக்காகச் சங்க நிர்வாகி பேசலாம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் தந்த உரிமை அது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இடம்பெற்றது. வக்கீல் வரத்தான் எதிர்த்தரப்பின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். இதனால் நீதி கெட்டுப்போயிற்றா? இல்லையே! அதே தொழிலாளியின் மகள் ஜீவனாம்சம் கேட்டு நின்றால் மட்டும், அவளுக்காகப் பேச வழக்கறிஞர் அல்லாதார் ஆகாது என்பது என்ன நியாயம்?

அரைகுறை அறிவு ஆபத்து என்பார்கள் வழக்கறிஞர் நண்பர்கள். ஒப்புகிறோம். புரோக்கர்கள் புகுந்துவிடுவார்கள் என்பார்கள். அதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். ஒருவன் ஆயுள் முழுதும் பாடுபட்டுச் சேர்த்த நிலத்தின் கிரயப் பத்திரத்தை எழுதுகிறவர் யார்? 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். நிலத்தை நம்பி ஒப்படைக்கலாம், சோற்றுக்கான மனுவை ஒப்படைக்கக் கூடாதா?

1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தருகிறது. நல்ல சட்டம். ஆனால் அதை ஆத்தூர்ப் பெண்ணுக்குச் சொல்ல ஆள் வேண்டுமே! அதற்கென்றே 2009-இல் சட்டத் தன்னார்வலர் திட்டம் வந்தது. பயிற்சி உண்டு, அடையாள அட்டை உண்டு. மனு எழுத உதவலாம், வழிகாட்டலாம். மன்றத்துக்குள் வாய் திறக்கத்தான் உரிமை இல்லை.

கனடாவின் ஒன்றாரியோ மாநிலத்தில் 2007 முதல் வழக்கறிஞர் கழகமே இத்தகையோருக்கு உரிமம் தந்து சிறு வழக்குகளில் பேசவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2012-இல் குடும்ப வழக்குகளுக்கு வழக்கறிஞர் அல்லாத உரிமதாரர்களைக் கொண்டுவந்து, 2020-இல் புதியவர்களுக்கு வாயிலை மூட முடிவு செய்தது. அந்தப் பாடத்தையும் மறைக்க மாட்டோம்.

ஆகவே எல்லா வழக்கையும் திறந்துவிடச் சொல்லவில்லை. ஜீவனாம்சம், கூலிப் பாக்கி, இவை போதும். தேர்வு வையுங்கள், கட்டணத்துக்கு வரம்பு கட்டுங்கள், தவறினால் உரிமத்தைப் பறியுங்கள். புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வழக்கறிஞர் அல்லாதார் ஒருவரைக் குறிப்பிட்ட வழக்கில் பேச அனுமதிக்கும் அதிகாரம், அதே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள தன்னார்வலர்கள் அந்த அனுமதியைக் கேட்டு விண்ணப்பிக்கட்டும்.