கடை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் தொழில்

விருதுநகரில் இருக்கும் பெரியோர்களுக்கும், பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்கவைக்கும் பெற்றோர்களுக்கும், சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து வணக்கம்.

நம் ஊரில் வியாபாரத்தை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. வத்தல் மண்டியில் அப்பா பக்கத்தில் நின்று, சாக்கைப் பிரித்து, சரக்கை அள்ளி ஈரம் பார்த்து, பற்று வரவு எழுதியே பையன் கற்றுக்கொள்கிறான். அருமையான படிப்புதான். ஆனால் மண்டி வைத்திருக்கிற வீட்டில் பிறந்தால்தான் அது கிடைக்கும். பெரும்பாலும் அவன் அக்காவுக்கே கிடைக்காது. அங்கே மூட்டை தூக்குபவரின் மகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தொழில்முனைவை எல்லோருக்குமான படிப்பாக்கிய கதையை உங்களுக்கு எழுத நினைத்தது அதனால்தான்.

இவர்களும் தாமதமாக வந்தவர்களே. அமெரிக்காவில் ஹார்வர்டு 1947-லேயே இந்தப் பாடத்தைத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் இதற்கென்று முதல் பேராசிரியர் பதவி 1998-ல்தான் வந்தது. படித்தவன் பெரிய கம்பெனிக்கோ அரசாங்க வேலைக்கோ போக வேண்டும் என்ற எண்ணம் இங்கேயும் ஊறியிருந்தது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம், எல்லோருக்கும் வேண்டிய எட்டு அடிப்படைத் திறன்களில் ஒன்றாகத் தொழில்முனைவைச் சேர்த்தது.

நான் இருக்கும் ஊரில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997-ல் ஒரு தொழில்முனைவுப் பள்ளியைத் தொடங்கியது. சேரும் மாணவரிடம் சொந்த யோசனை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆராய்ச்சியாளர் ஒருவரின் கண்டுபிடிப்பை ஒரு சிறு குழுவிடம் கொடுத்து, நிஜமாகவே கம்பெனியாக்கப் பார் என்கிறார்கள். வாங்கக்கூடியவரைத் தேடிப் போய்ப் பேசுவதே பாதிப் படிப்பு. ஆஸ்பத்திரிக் கருவி என்றால், கையுறை போட்ட கையால் இதைத் திறக்க முடிகிறதா என்று நர்ஸிடம் கேட்க வேண்டும். முடியவில்லை என்றால் வடிவத்தை மாற்ற வேண்டும். சரக்கு போகாது என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஏன் நிறுத்தினோம் என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பட்டம் உண்டு.

இதற்குப் பின்னால் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. சுவீடனில் அது ஆராய்ச்சியாளருக்கே சொந்தம். ஜெர்மனியில் 2002-லிருந்து பல்கலைக்கழகம் உரிமை கோரலாம். இன்னொன்று, சோறு. ஜெர்மனியின் எக்ஸிஸ்ட் திட்டத்தில் தொழில் தொடங்கும் பட்டதாரிக்கு மாதம் 2,500 யூரோ, மாணவருக்கு 1,000 யூரோ என்று ஓராண்டு வரை உதவித்தொகை உண்டு. அப்பாவிடம் கைநீட்டாமல் ஒரு வருஷம் முயன்று பார்க்கலாம்.

கடன் வாங்கியாவது பிள்ளையை இங்கே அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. 2011-லிருந்து சுவீடனில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம் உண்டு. தொழில்முனைவு படித்தவர்களிலும் பலர் கடைசியில் சம்பள வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்கள் கற்றது அங்கேயும் உதவுகிறது.

நம் பக்கத்துக் கல்லூரிகளும் தொழில்முனைவோர் மையம் என்று போர்டு மாட்டுகின்றன. பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மாணவர் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்? தொழில் தொடங்க முயலும் அந்த ஒரு வருஷச் செலவை யார் பார்ப்பார்கள்? தொழில் நடக்காமல் போனால் மதிப்பெண் உண்டா? பதில் இல்லையென்றால் அங்கே இருப்பது போர்டு மட்டும்தான்.

மண்டி முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ, உங்கள் சொந்தபந்தம் அல்லாதவராகப் பார்த்து, ஆறு மாதம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கணக்கைக் காட்டிக்கொடுங்கள், லாபத்தை மட்டுமல்ல, நஷ்டத்தையும். கட்டடமோ மானியமோ தேவைப்படாத இந்தக் காரியத்தை நாளைக்கே தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
கோத்தன்பர்க்