சங்கு ஓய்ந்த பிறகு

பெரம்பூரில் 1876-இல் பக்கிங்ஹாம் ஆலையும், ஐந்தாண்டு கழித்துக் கர்நாட்டிக் ஆலையும் தோன்றி, இரண்டும் பின்னி ஆலை என்ற ஒரே பெயரால் ஜனங்களின் நாவில் நிலைத்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் துணி நெய்து, 1996-இல் கதவடைத்த விருத்தாந்தம் சென்னைவாசிகள் அறிந்ததே. 1918 ஏப்ரல் 27-இல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அதற்காகப் பாடுபட்டதும் நூல்களில் ஏறிவிட்டன. ஆனால் வேலைநிறுத்தம் செய்த நாட்களைப் பற்றி எழுதிய அளவுக்கு, வேலை செய்த நாட்களைப் பற்றி நமது சர்வகலாசாலைகள் சிரத்தை கொள்ளவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

தறிகளின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. உதட்டசைவையும் கையசைவையும் கொண்டே வருஷக்கணக்காகப் பேசிப் பழகி, செவியும் மந்தமாகிப்போன நெசவாளி, ஓய்வு பெற்ற பிறகும் திண்ணையில் உரத்த குரலிலேயே பேசுகிறார். காரணம் அறியாத அண்டைவீட்டார் அவரைச் சண்டைக்காரர் என்கிறார்கள். வடசென்னையின் கானாவைப் போக்கிரிப் பாட்டென்று ஒதுக்குகிற கனவான்களின் அபிப்பிராயமும் ஏறக்குறைய இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த ஆலை வாழ்க்கையின் புகழ்பாடுவது நமது நோக்கமன்று. 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளவுண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சங்கத்தின் கீர்த்தியை எழுதுகிற பேனா இதையும் கூசாமல் எழுத வேண்டும்.

இவ்வாழ்க்கையைத் திரட்டிப் பதிவு செய்வது வழி தெரியாத காரியமுமன்று. நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் திரட்டினார். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று, கண்டதைக் கொண்டு ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். தனி மனிதர் செய்ததை அரசாங்கமும் சர்வகலாசாலையும் சேர்ந்து செய்வது அசாத்தியமாகாது. பெரம்பூரிலேயே ஒரு காட்சிசாலை அமைய வேண்டும். தம் கதையைச் சொல்ல ஒரு பகல் செலவிடும் முதியவருக்கு அன்றைய கூலி கொடுக்கப்பட வேண்டும். உழைப்பை ஆராயப் புறப்பட்டவர்கள் ஊதியமின்றி வேலை வாங்குவது விபரீதம்.

ஆலை மூடியபோது முப்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதை எட்டிவிட்டார். பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தாவின் சம்பளச் சீட்டும் சங்கச் சந்தா ரசீதும் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.