மாற்றியவர்களே விளக்கட்டும்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு (கியூட்) 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முதல் 2025 வரை, முந்தைய ஆண்டைப் போலவே அடுத்த ஆண்டும் நடந்தது என்று சொல்ல முடியாதபடி அதன் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. எழுதும் முறை, எழுதக்கூடிய பாடங்கள், விடையளிக்க வேண்டிய வினாக்கள், ஒரு பாடத்துக்கான நேரம் என எதுவும் நிலையாக இருக்கவில்லை. மூத்த பிள்ளைக்காகத் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட விவரம் இளைய பிள்ளைக்கு உதவாமல் போனது. மாற்றங்களில் சில தேவையானவைதான். ஆனால் மாற்றத்தை அறிவித்த பல்கலைக்கழக மானியக் குழுவும் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையும், அதைப் பெற்றோருக்குப் புரியும்படி எடுத்துச்சொல்வதைத் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தேர்வின் விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அதை விளக்கும் கடமையும் அவர்களிடமே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இந்தத் தேர்வு ஏன் புதிராக இருக்கிறது என்பதற்கு வரலாறு ஒரு காரணம். இன்று மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தலைமுறை பள்ளி முடித்த காலத்தில், பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும் மாநில அரசின் நுழைவுத் தேர்வு இருந்தது. 1984இல் தொடங்கிய அந்தத் தேர்வும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் விலக்கப்பட்டது. கலை, அறிவியல், வணிகப் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலே நுழைவுச் சீட்டு. பி.ஏ. வரலாற்றுக்கோ பி.காம். படிப்புக்கோ கணினி முன் அமர்ந்து ஒரு தேர்வெழுத வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் அனுபவத்தில் இல்லாத ஒன்று.

2022 மார்ச் மாதம் மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பு அந்த அனுபவத்தை அடியோடு மாற்றியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இனித் தகுதிக்கு மட்டும்தான், தரவரிசையை நுழைவுத் தேர்வே முடிவுசெய்யும் என்றது அந்த அறிவிப்பு. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அது பொருந்தும். அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை இந்தத் தேர்வை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தேர்வோ ஜூலை நடுவில் தொடங்கிவிட்டது. அறிவிப்புக்கும் முதல் தேர்வுக்கும் இடையில் நான்கு மாதம்கூட இல்லை. தொழில்நுட்பக் கோளாறுகளால் ஆகஸ்டில் பல மையங்களில் தேர்வு ரத்தாகி, முடிவுகள் வர செப்டம்பர் நடுப்பகுதி ஆனது.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் பெற்றோரின் குழப்பம் நியாயமானது என்பது விளங்கும். 2022இல் ஒரு மாணவர் ஒன்பது பாடங்கள் வரை எழுதலாம் என்றிருந்தது, 2023இல் பத்து ஆனது, 2024இல் ஆறாகக் குறைந்தது, 2025இல் ஐந்தாகியது. முதல் இரண்டு ஆண்டுகள் முழுக்கக் கணினித் தேர்வு. 2024இல் 15 பாடங்களுக்கு மட்டும் காகிதத்தில் வட்டம் நிரப்பும் முறை வந்தது. காகிதத் தேர்வென்றால் ஊருக்கு அருகிலேயே மையம் கிடைக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். கிராமப்புற மாணவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும் காரணமும்கூட. அடுத்த ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டு மறுபடியும் எல்லாம் கணினிக்குத் திரும்பியது. 63 ஆக இருந்த தேர்வுத் தாள்கள் 37 ஆகச் சுருங்கின. அதில் 13 மொழித் தாள்கள், 23 பாடத் தாள்கள், ஒன்று பொதுத் திறனறித் தாள். தொழில்முனைவு, சட்டப் படிப்பு, சுற்றுலா, பொறியியல் வரைகலை போன்ற பாடங்களுக்குத் தனித் தாள் இல்லாமல் போனது. அந்தப் படிப்புகளுக்குப் பொதுத் திறனறித் தாளின் மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கை நடத்தலாம் என்றார்கள்.

இவற்றிலெல்லாம் மேலோட்டமாகத் தெரியாத, ஆனால் மதிப்பெண்ணை நேரடியாகப் பாதிக்கும் மாற்றம் வினாத்தாளுக்குள் நடந்தது. 2024 வரை பெரும்பாலான பாடங்களில் 50 வினாக்கள் தந்து 40க்கு விடையளிக்கச் சொன்னார்கள். தெரியாத பத்தை விட்டுவிடலாம். 2025இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டு, 50 வினாக்களும் கட்டாயமாயின. எல்லாப் பாடத்துக்கும் ஒரே சீராக 60 நிமிடம் வழங்கப்பட்டது. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு என்பதில் மாற்றமில்லை. ஆகவே ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 200இலிருந்து 250 ஆனது. 2024இல் அக்கா 180 வாங்கியிருந்தால் அது நூற்றுக்குத் தொண்ணூறு. 2025இல் தம்பி அதே 180 வாங்கினால் அது நூற்றுக்கு எழுபத்திரண்டு. இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால், தேறாத மதிப்பெண்ணை நல்ல மதிப்பெண் என்று நம்பி, விரும்பிய கல்லூரி கிடைக்கும் எனக் காத்திருக்கும் நிலை குடும்பங்களுக்கு ஏற்படும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். 2024இல் ஆங்கிலம் போன்ற தாள்களுக்கு 45 நிமிடத்தில் 40 வினாக்கள், அதாவது ஒரு வினாவுக்கு 67 விநாடிக்குச் சற்று மேல். கணிதம், இயற்பியல், வேதியியல், பொருளியல், கணக்குப்பதிவியல் போன்றவற்றுக்கு 60 நிமிடம் தரப்பட்டதால் ஒரு வினாவுக்கு 90 விநாடி கிடைத்தது. புதிய விதியில் எல்லாவற்றுக்கும் 72 விநாடி. மொழித் தாளுக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்து விடை காண வேண்டிய தாள்களில் ஒரு வினாவுக்கு 18 விநாடி பறிபோனது. எல்லோருக்கும் ஒரே நேரம் என்று கேட்கும்போது சமத்துவமாகத் தோன்றும் விதி, கணிதம் எழுதும் பிள்ளைக்கு மட்டும் கடினமாகிறது. அந்தப் பிள்ளையின் பயிற்சி முறையே மாற வேண்டும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் புதிய விதி அறிவிக்கப்பட்ட டிசம்பரிலேயே அறிந்திருந்தால் தயாராக வழியிருந்திருக்கும்.

மதிப்பெண் சமன்படுத்தும் முறையைப் போலப் பெற்றோரைத் திணறவைப்பது வேறில்லை. ஒரே பாடத்தின் தேர்வு வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வினாத்தாள்களுடன் நடக்கிறது. ஒரு வேளையில் தாள் எளிதாகவும் மற்றொன்றில் கடினமாகவும் அமையக்கூடும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வேளையிலும் ஒரு மாணவர் தம்மோடு எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு இணையாகவோ மேலாகவோ இருக்கிறார் என்பது முதலில் கணக்கிடப்படுகிறது. இதுதான் பெர்சன்டைல். பிறகு, அதே பெர்சன்டைல் நிலைக்கு மற்ற வேளைகளில் என்ன மதிப்பெண் வருகிறது என்று கண்டு, அவற்றோடு அவர் தம் வேளையில் வாங்கியதையும் சேர்த்த சராசரியே இறுதி மதிப்பெண்ணாக வழங்கப்படுகிறது. கடினமான தாள் எழுதியவரின் மதிப்பெண் சற்று ஏறும், எளிய தாள் எழுதியவருடையது சற்று இறங்கும். விடைக்குறிப்பை வைத்து வீட்டில் கூட்டிப் பார்த்த மதிப்பெண்ணும் முடிவில் வந்த மதிப்பெண்ணும் வேறுபடுவது இதனால்தான், மோசடியால் அல்ல. 95 பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு 95 மதிப்பெண் என்று பொருள்படாது. முறை நியாயமானதே. ஆனால் ஒரு முறை நியாயமானது என்பது விளங்காதவரை, அதனால் மதிப்பெண் குறைந்த குடும்பத்துக்கு அது அநியாயமாகவே தெரியும். முடிவு வெளியாகும் நாளன்று, ஒரு மாதிரி மாணவரின் கணக்கைத் தமிழில் படிப்படியாகப் போட்டுக் காட்டும் இரண்டு பக்கத் தாளை வெளியிடுவது தேர்வு முகமைக்குப் பெரிய வேலை அல்ல.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் பிரிவு இருக்கிறது, கியூட்டில் உயிரியல் ஒரே தாள். வணிகப் பிரிவில் பலர் படிப்பது வணிகக் கணிதமும் புள்ளியியலும், கியூட்டிலோ கணிதமும் பயன்பாட்டுக் கணிதமும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. தன் மகள் படித்த பாடத்துக்கு நிகரான தாள் எது என்று ஒரு தந்தை கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை. 2025 முதல், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்திலும் தேர்வெழுதலாம் என்று மானியக் குழு அனுமதித்தது. தில்லி பல்கலைக்கழகமோ, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே கியூட் எழுதியிருக்க வேண்டும் என்கிறது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது செல்லுபடியாகும் ஒரு தெரிவு, சேர்க்கையின்போது செல்லாமல் போகலாம். மூன்று பாடங்கள் வரை பொதுப் பிரிவினருக்கு 1,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு பாடத்துக்கும் 400 ரூபாய் என்று 2025இல் கட்டணம் இருந்தது. தவறான பாடத்துக்குக் கட்டும் பணத்தைவிட, அந்தத் தவறால் கைநழுவும் இடத்தின் விலை பெரிது.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் இத்தேர்வை எழுதலாம் என்பது வரவேற்கத்தக்கது. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது. பாடத்திட்டம் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்பு நூல்களை ஒட்டியது, அந்த நூல்களோ முதன்மையாக ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில் வெளிவருபவை. தமிழில் படித்த மாணவர் தமிழில் எழுத முடிவெடுக்குமுன் இந்த இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை எனப் புகார் எழுந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்க உத்தரவிட்டதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே என்பது அதிகாரிகளின் வழக்கமான விடை. தகவல் கையேட்டின் சட்டநடை ஆங்கிலத்தைக் கல்லூரி ஆசிரியர்களே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. நெசவாளியும் கட்டுமானத் தொழிலாளியும் சிறு கடைக்காரரும் அதிலிருந்து தங்கள் பிள்ளைக்கான விதியைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அந்த இடைவெளியில்தான் தனியார் பயிற்சி மையங்கள் வளர்கின்றன. மாற்றத்தை விளக்கும் இலவசக் கூட்டம் என்று அழைத்து, கட்டண வகுப்பில் சேர்க்கும் வியாபாரம் எல்லா ஊரிலும் நடக்கிறது. அரசு தரவேண்டிய விளக்கத்துக்குக் குடும்பங்கள் பணம் கொடுக்கின்றன. பணம் இல்லாதவர்களின் பிள்ளைகள் பழைய விதிகளை நம்பித் தேர்வுக்குப் போகிறார்கள்.

காலக்கெடு பற்றியும் ஒரு விதி வேண்டும். 2025ஆம் ஆண்டு மாற்றங்களை மானியக் குழுவின் தலைவர் 2024 டிசம்பரில் அறிவித்தார், தேர்வு மே மாதம் தொடங்கியது. அந்த மாணவர்கள் தங்கள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்ததோ 2023 ஜூன் மாதம், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது. பாடங்களின் பட்டியல், வினாக்களின் எண்ணிக்கை, நேரம், மதிப்பெண் முறை ஆகியவற்றில் செய்யும் எந்த மாற்றமும் அப்போது பதினொன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் மாணவர்களுக்கே முதலில் பொருந்த வேண்டும். வினாத்தாள் கசிவைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள், மையங்களைச் சீராக்குவது போன்றவற்றுக்கு இந்தத் தடை தேவையில்லை, அவற்றை உடனடியாகவே செய்யலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, குறைகளைக் களைகிறோம் என்ற பெயரில் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவது ஏற்கத்தக்கதல்ல.

மாநில அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தத் தேர்வை எதிர்ப்பது அரசின் கொள்கை, மாநிலப் பாடத்திட்டத்தைப் புறந்தள்ளும் ஒரு தேர்வுக்கு எதிராக எழுந்த அந்தக் குரலில் நியாயமும் உண்டு. ஆனால் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறிய பின்னும் திருவாரூரிலும் புதுச்சேரியிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் இடங்கள் இந்தத் தேர்வின் வழியேதான் நிரப்பப்படுகின்றன. கொள்கையளவில் எதிர்க்கும் தேர்வைப் பற்றிப் பள்ளிகள் வாய் திறக்காமல் இருந்தால், இழப்பு அரசுப் பள்ளி மாணவருக்கே. நான் முதல்வன் திட்டமும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் உயர்கல்வி வழிகாட்டுதலுக்கென ஏற்கெனவே இருக்கின்றன. எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோர் இடம்பெற்ற பள்ளி மேலாண்மைக் குழுக்கள் உள்ளன. பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் ஒரு கூட்டம், விண்ணப்பம் தொடங்கும் முன் ஒரு கூட்டம் என்று இரண்டை இதற்கென ஒதுக்கி, மாநிலப் பாடங்களுக்கும் கியூட் தாள்களுக்கும் உள்ள பொருத்தப் பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது உடனிருந்து சரிபார்க்க, மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்.

தேர்வு முடிவோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் அந்தக் கூட்டங்களில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொறியியல் கலந்தாய்வுபோல எல்லா இடங்களுக்கும் ஒரே பதிவு என்று இங்கே இல்லை. கியூட் மதிப்பெண் வந்த பிறகு, சேர விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவுசெய்து, விருப்ப வரிசையைக் கொடுத்து, ஒதுக்கீடு வந்தால் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொண்டு கட்டணம் செலுத்த வேண்டும். ஒன்றில் தவறினாலும் நல்ல மதிப்பெண் வீணாகும். பள்ளிகளில் புதிய வகுப்புகள் தொடங்கி, பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தொடர்பு அறுந்துபோகும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் இந்தக் கட்டம் வருகிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில், மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கை முடியும் நாள் வரை, இதற்கெனப் பயிற்சி பெற்றவர்களை அமர்த்துவதை அரசு இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.